பெரிய இன்ஸ்டிட்யூட்டுக்கு லெட்டர் போட்டும் பதில் வரலையா?

திருநெல்வேலிலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "அம்மாவுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய், வந்து ஆறு வருஷம் ஆச்சு. எங்களை மாதிரி முப்பது குடும்பம் மாசம் ஒரு தடவை ஒரு ஸ்கூல் ஹால்ல கூடுறோம். ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்றதோட நிக்காம மூளை ஆராய்ச்சிக்கும் உதவலாம்னு பெங்களூரு, டெல்லி, சென்னைன்னு நாலு இடத்துக்கு 'இணைந்து பணியாற்ற விரும்புகிறோம்'னு எழுதினோம். ஒருத்தரும் பதில் போடல. எப்படித்தான் அணுகுறது?"

அக்கா, உங்க எண்ணத்துல குறை இல்ல, லெட்டர்லதான் குறை. இணைந்து பணியாற்றணும்னு எழுதினா படிக்கிறவருக்கு நாளைக்கு காலையில என்ன செய்யணும்னு தெரியாது, அப்படியே ஓரமா போயிரும். நான் ஒரு ஸ்டடில கோஆர்டினேட்டரா இருந்தப்ப இப்படி வந்த லெட்டரை நானே ஃபைல்ல போட்டு மூடியிருக்கேன், சொல்றதுக்கு வெட்கமாத்தான் இருக்கு.

உங்ககிட்ட என்ன இருக்குன்னு முதல்ல நீங்க தெரிஞ்சுக்கணும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர், டிமென்ஷியாவைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் தொகுப்பு பண்ணாங்க, நியூரோகாக்னிட்டிவ் டூல் பாக்ஸ்னு பேரு. முதல்ல அஞ்சு மொழியில சரிபார்த்து வெளியிட்டாங்க, இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் இல்ல! சதியெல்லாம் ஒண்ணும் கிடையாது, எந்தெந்த ஊர் சென்டர் அந்தக் கூட்டுல இருந்துச்சோ அந்த ஊர் மொழி உள்ள வந்துச்சு, அவ்ளோதான். தேசிய அளவுல கூட்டு சேர்றதுன்னா எனக்கு ஞாபகம் வர்றது கையெழுத்து, சால்வை, போட்டோ இல்ல, இந்த லிஸ்ட்தான்.

டெஸ்டுன்னா மொழிபெயர்த்தா போதும்னு நினைக்காதீங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிங்க, ஒரு வாக்கியம் எழுதுங்கன்னு பள்ளிக்கூடமே போகாத பாட்டிகிட்ட கேட்டா அவங்க ஃபெயில்தான், அது மூளையோட குறையா? இதுக்காகத்தான் 90கள்ல ஹரியானா பல்லப்கர் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குன்னு இந்தில ஒரு டெஸ்டை மாத்தி அமைச்சாங்க. நம்ம பாட்டிகிட்ட இன்னைக்கு என்ன தேதின்னா ஜூலை 28னு சொல்ல மாட்டாங்க, ஆடி 12ம்பாங்க, அதுக்கு மார்க் உண்டா இல்லையா? இந்த மாதிரி சமாச்சாரத்தை முப்பது வீட்டுல உக்காந்து பாத்து சொல்ல ஆள் இருக்குன்னா ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொண்ணும் இருக்கு. 10/66னு ஒரு சர்வதேச டிமென்ஷியா ஆராய்ச்சிக் குழு, வளரும் நாடுகள்ல நோயாளிங்க 66 சதவீதம், ஆராய்ச்சி 10 சதவீதம் கூட இல்லங்கிறதுதான் அந்தப் பேரோட அர்த்தம். இந்தியாவுல அவங்க சர்வே எடுத்தது நம்ம சென்னையிலயும் வேலூர் பக்க கிராமங்கள்லயும். 2008ல வந்த ரிசல்ட்ல, மனநல டாக்டருங்க வழக்கமா வச்சுப் பாக்கிற டிஎஸ்எம்ங்கிற அளவுகோலை வச்சா கிராமத்துல 65 வயசுக்கு மேல டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம், அவங்களோட சொந்த முறையில பாத்தா அதே ஜனங்ககிட்ட பல மடங்கு அதிகம். வீட்டுல கேட்டா "வயசானா அப்படித்தான்"னு முடிச்சிருவாங்க, வேலையெல்லாம் மருமக பாத்துக்கிறதால தடுமாற்றம் வெளிய தெரியாம போறதும் உண்டு. ஆக, நோயாளி பக்கத்துலயே இருந்து கவனிச்சவங்க சொல்றதுதான் பாதி டயக்னோசிஸ், உங்க ஆறு வருஷ அனுபவத்தை சும்மான்னு நினைக்காதீங்க.

நல்ல கூட்டு எப்படி இருக்கும்னா கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரா தாலுகாவைப் பாருங்க. பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்துல இருக்கிற சென்டர் ஃபார் பிரெய்ன் ரிசர்ச் அங்க 45 வயசுக்கு மேற்பட்ட 10,000 பேரை வருஷக்கணக்குல ஃபாலோ பண்றதுன்னு இலக்கு வச்சாங்க, சான்ஸ்காக்னு பேரு, ரத்தம், ஸ்கேன், ஞாபக டெஸ்ட் எல்லாம் உண்டு. இந்த மாதிரி வேலையில மெஷின் வாங்கிடலாம், முதல் வருஷம் வந்தவர் நாலாவது வருஷமும் வரணுமே, அதுதான் கஷ்டம். பாதியில ஆள் விட்டுப் போறதுதான் எல்லா ஸ்டடிக்கும் தலைவலி. முப்பது குடும்பம் மாசாமாசம் தவறாம கூடுறீங்கல்ல, அதை லெட்டர்ல முதல் வரியில போடணும், நீங்க போடவே இல்லன்னு நினைக்கிறேன்.

சரி, வழி என்னன்னா, நேரா டெல்லிக்குப் போகாதீங்க. உங்க ஊர் மெடிக்கல் காலேஜ்ல நியூராலஜியோ சைக்கியாட்ரியோ கம்யூனிட்டி மெடிசினோ, ஆர்வமா இருக்கிற ஒரு டாக்டரைப் பிடிங்க, அவர்தான் உங்களுக்கு பி.ஐ., அதாவது ஆராய்ச்சிக்குப் பொறுப்பான முதன்மை ஆராய்ச்சியாளர். ஏன்னா மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில பதிவான எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாம யாரும் உங்க குடும்பங்ககிட்ட ஒரு கேள்வித்தாள் கூட குடுக்க முடியாது, அந்தக் கமிட்டி காலேஜ்லதான் இருக்கும், சங்கத்துல இருக்காது. குழுவை சொசைட்டியா பதிவு பண்ணிடுங்க. கம்பெனிங்க சமூகப் பணிக்குக் குடுக்கிற சிஎஸ்ஆர் பணம் வேணும்னா வருமான வரிப் பதிவும் (12ஏ, 80ஜின்னு சொல்வாங்க) சிஎஸ்ஆர்-1 பதிவும் வேணும், ஆடிட்டர் பாத்துப்பார். எம்ஓயுங்கிற புரிந்துணர்வு ஒப்பந்தம் எல்லாம் கடைசில.

தயவுசெஞ்சு அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஆதாரையும் வாட்ஸ்அப் குரூப்ல சேகரிக்க ஆரம்பிச்சிராதீங்க. யாராவது ரத்தம் எடுக்கணும்னு வந்தா சாம்பிள் எங்க போகுது, எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க, ரிசல்ட் எங்களுக்கு சொல்வீங்களா, பாதியில விலகலாமான்னு கேளுங்க, பதில் எழுத்துல தமிழ்ல வேணும். வெளிநாட்டுக் கூட்டுன்னா மத்திய அரசோட ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதி இருக்கான்னும் கேக்கணும். கேட்டா கோவிச்சுக்கிறவங்களோட கூட்டே வேண்டாம்.

ஆராய்ச்சி கைகூட வருஷம் ஆகும், அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். லான்செட்ங்கிற மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் குழுவோட 2024 கணக்குப்படி காது கேக்காம போறது, பிபி, சுகர், கண் பார்வைன்னு 14 விஷயத்தை சரியா கவனிச்சா டிமென்ஷியால சுமார் 45 சதவீதத்தை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கு. பிபிக்கும் சுகருக்கும் மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்றாங்க, அவங்களோட பேசி ஒரு காது பரிசோதனை கேம்ப் வைங்க. கவனிச்சுக்கிற உங்களுக்கும் பிபி இருக்கலாம், அதையும் பாத்துக்கோங்க.

அடுத்த லெட்டரை இன்ஸ்டிட்யூட் டைரக்டருக்குப் போடாதீங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்தா முதல் பக்கத்துலயே தொடர்புக்குன்னு ஒருத்தர் ஈமெயில் இருக்கும், அவருக்கு எழுதுங்க: "முப்பது தமிழ்க் குடும்பம், மாசாமாசம் கூடுறோம், எங்க மெடிக்கல் காலேஜ் டாக்டர் ஒருத்தர் கூட இருக்கார், உங்க டெஸ்டை தமிழ்ல முயற்சி பண்ண எங்க வீடுகளுக்கு வர முடியுமா?" அவ்ளோதான், நாலு வரி, டாக்டரையும் ஈமெயில் சிசில போட்டுடுங்க.