திருகாணியைத் தொடும் முன்...
ஏர் பிஸ்டல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுக்கிறேன். வலது கைப் பழக்கம். சுடுவதெல்லாம் இடப்பக்கம் கீழே, 7, 8 வளையங்களில் விழுகிறது. பின் சைட்டை (குறி பார்க்கும் பள்ளமுள்ள பின் தகடு) எந்தப் பக்கம் திருக வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு எந்தப் பக்கமும் வேண்டாம். வலது கைக்காரருக்கு இடப்பக்கம் கீழே போனால் முதலில் டிரிக்கர் விரலைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெடுக்கென்று இழுத்தாலோ, மற்ற விரல்களும் சேர்ந்து இறுகினாலோ குழல் முனை அங்கேதான் சாயும். உள்ளே பெல்லட் (சிறு குண்டு) இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரேஞ்சிலேயே வெறும் வெள்ளைப் பரப்பைப் பார்த்து டிரை ஃபயர் செய்யுங்கள், அதாவது குண்டில்லாமல் டிரிக்கரை மட்டும் இழுங்கள். டிரிக்கர் விடுபடும் கணத்தில் முன் சைட் (குழல் முனையில் உள்ள குறி) அசைந்தால், அது கையின் பிழை. அதைச் சைட்டை நகர்த்தும் திருகாணியால் தீர்க்க முடியாது. இன்று சரியானது போலத் தெரிந்து, விரல் திருந்திய நாளில் எல்லாம் வலப்பக்கம் மேலே போகும்.

அசைவே இல்லை, ஐந்தைந்தாகச் சுட்ட நான்கு குரூப்பும் ஒரே இடத்தில் விழுகின்றன என்றால் சைட்டை மாற்றலாம். பெல்லட் எங்கே போக வேண்டுமோ, அந்தத் திசையில் பின் சைட் நகர வேண்டும். உங்களுக்கு வலமும் மேலும். திருகாணியருகே உள்ள எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள்: சில பிஸ்டல்களில் அவை பெல்லட் போக வேண்டிய திசை, சிலவற்றில் விழுந்த திசை. கையேட்டைப் பாருங்கள்.

எவ்வளவு திருகுவது? இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 350 மி.மீ. என்றால், பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. நகரும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. தூரம். ஒரே திசையில் எட்டு கிளிக் (திருகாணி ஒரு படி நகரும்போது கேட்கும் சொடுக்கு) கொடுத்து ஐந்து சுடுங்கள். குரூப்பின் நடு நகர்ந்த தூரத்தை எட்டால் வகுத்தால் உங்கள் பிஸ்டலின் ஒரு கிளிக் மதிப்பு கிடைக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டை முடித்த பிறகே உயரத்துக்குப் போங்கள்.

கேள்வி: கறுப்பு வட்டத்தின் நடுவில் குறி வைக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். கறுப்பின் மேல் கறுப்பு முன் சைட்டின் விளிம்பு தெரியாது. வட்டத்துக்குக் கீழே தாராளமாக வெள்ளை விட்டுப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் பெல்லட் நடுவில் விழும்படி பின் சைட்டின் உயரத்தை வையுங்கள். நூலிழை அளவு வெள்ளை விட்டால் கண் அதையே தேடி டார்கெட்டுக்கு ஓடிவிடும். பார்வை முன் சைட்டில்தான் இருக்க வேண்டும். கை மொத்தமாக 5 மி.மீ. விலகினால் பெல்லட்டும் 5 மி.மீ.தான் விலகும். ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் அரை மி.மீ. ஒதுங்கினால் 14 மி.மீ. விலகி, 10 போய்விடும்.

கேள்வி: போட்டி நடுவே குரூப் நகர்ந்தால் கிளிக் மாற்றலாமா?
- வாசகர், கோவை

பதில்: தயங்காமல் மாற்றுங்கள். நன்றாக விடுபட்டதாக நீங்கள் உணர்ந்த மூன்று ஷாட்டும் ஒரே பக்கம் போனால் போதும். குறியைத் தள்ளிப் பிடித்துச் சமாளிப்பது 60 ஷாட்டுக்கும் தாங்காது. மாற்றும் முன், பிஸ்டல் சாய்ந்திருக்கிறதா, கைப்பிடியில் உள்ளங்கை பழைய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.