'கேட்டனரி' என்றால் என்ன? அதுவும் பரவளையமும் ஒன்றா?

ஒன்றல்ல. பரவளையம் (parabola) என்பது சாய்வாக எறிந்த பந்து போகும் பாதையின் வளைவு. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். தன் எடையால் அது தொய்ந்து நிற்கும் வளைவுதான் கேட்டனரி. லத்தீனில் 'கட்டேனா' என்றால் சங்கிலி. தமிழில் 'சங்கிலியம்' என்கிறார்கள். எனக்கு ஆங்கிலச் சொல்லைவிட இதுவே பிடிக்கும், பொருள் கையோடு வருகிறதே!

கலிலியோவே இதைப் பரவளையத்துக்கு நெருக்கமானது என்றுதான் கருதினார். சரியான சமன்பாட்டை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி என்ற கணித மேதைகள் மூவரும் தனித்தனியே கொடுத்தார்கள். குழப்பத்துக்குக் காரணம் உண்டு. வெறும் கம்பி தொங்கினால் கேட்டனரி. அதே கம்பி தொங்கு பாலத்தின் தளத்தைச் சுமந்தால், பாரம் கிடைமட்டமாகச் சீராகப் பரவுவதால், கிட்டத்தட்ட பரவளையமாகிவிடும்.

இதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இன்னும் சுவாரசியம். சங்கிலியில் இழுவிசை மட்டுமே இருக்கும். கவிழ்த்த வளைவில் அது முழுக்க அமுக்கவிசையாகிறது. கல்லும் செங்கல்லும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே வளைவுக் கூரைக்கு ஏற்ற வடிவம் இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 192 மீட்டர் உயர கேட்வே ஆர்ச், எஃகால் ஆனதென்றாலும், இதன் சற்றே மாற்றிய வடிவம்தான்.

மின்சார ரயில்காரர்கள் வாயிலும் இச்சொல் அடிபடும். தண்டவாளத்துக்கு மேலே இரண்டு கம்பிகள் ஓடும் அல்லவா? தொய்வாக இருக்கும் மேல் கம்பிதான் கேட்டனரி. ரயில் தொட்டு மின்சாரம் எடுப்பது அதிலிருந்து தொங்கும் கீழ்க் கம்பியில்.