ஓரத்தில் உட்கார்ந்தவன்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 36 பிள்ளைகள். பெரும்பாலும் மலையாளி பழங்குடிக் குடும்பங்களிலிருந்தும் காப்பித் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்குக் கூடி விளையாடக் கற்றுக்கொடுப்பதற்காக, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு முறையைத் திடலுக்குக் கொண்டுவந்தேன். ஆறு குழுக்கள். ஒவ்வொன்றிலும் வீரன், மந்திரவாதி, மருத்துவர், ஒற்றன் என்று பாத்திரங்கள். டிராகன் காக்கும் புதையலை எடுத்துவர வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். ஆனால் வீரர்களாக வருகிறவர்களே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள். ஒரு பையனுக்கு மூச்சிரைப்பு உண்டு. அவனுக்கு 'அரண்மனைப் புலவர்' என்று பெயர் கொடுத்து, மரத்தடியில் உட்கார்ந்து புள்ளி எழுதச் சொல்லியிருக்கிறேன். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறான். நம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிச் சொல்லி அவனை ஊக்கப்படுத்துகிறேன்.

என் கேள்வி இதுதான். டிராகன் வேண்டாம், நம் கதையாக இருக்கட்டும் என்கிறார் தலைமையாசிரியர். சேர்வராயன் கதையை எடுக்கலாமா? வேறு கதை உண்டா? மதிப்பெண் எப்படிப் போடுவது? கணக்கு ஆசிரியர் வேறு வாரத்துக்கு ஒரு விளையாட்டுப் பீரியடை வாங்கிக்கொள்கிறார்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை முதல்முறை படித்தபோது எழுந்து நடமாட வேண்டும்போல் மகிழ்ச்சியாக இருந்தது. சமதளமே அரிதான ஒரு மலையூரில், பனிமூட்டம் திடலை விழுங்கும் நாட்களிலும், பிள்ளைகளுக்காக ஓர் உலகத்தைக் கட்ட உட்கார்ந்து யோசிக்கிற ஆசிரியை இருக்கிறார். இரண்டாம் முறை படித்தபோது அந்தப் புலவரிடம் வந்து நின்றுவிட்டேன். பிறகு இரவெல்லாம் அவனோடுதான் இருந்தேன்.

கதை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சேர்வராயனைத் தொடாதீர்கள். உங்கள் மாணவர்களின் தாத்தாக்களும் பாட்டிகளும் மே மாதத் திருவிழாவுக்குக் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிடுகிற தெய்வம் அது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் அதை விளையாட்டுக்கு எடுப்பது முறையாகாது. டிராகன் இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில் நூறு முறை பார்த்தவர்கள். தலைமையாசிரியரின் மனம் குளிர வேண்டுமென்றால் டிராகனைக் கரடியாக்குங்கள், புதையலை மூலிகையாக்குங்கள். கீழே கஞ்சமலையில் சித்தர்கள் மூலிகை தேடிய கதைகள் எத்தனையோ உண்டு. கதை ஒரு சட்டை. எந்தச் சட்டை போட்டாலும் உள்ளே உடம்பு இருக்க வேண்டும்.

மதிப்பெண் போடாதீர்கள். கணக்கு ஆசிரியருக்குப் பீரியடைக் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனி அந்தப் பையன்.

அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? அவன் சிரிக்கிறான், அதனால்தானே? அம்மா, ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை சிரிக்கத்தான் செய்யும். சிரிக்காவிட்டால் அந்த இடமும் போய்விடும் என்று அதற்குத் தெரியும். எனக்கும் இளைப்பு இருந்தது. சேலத்தில் நான் படித்த பள்ளியில் விளையாட்டுப் பீரியட் வந்தால் எனக்கு ஒரே வேலை. மற்றவர்கள் கழற்றிப் போடும் செருப்பு, சட்டை, ஒன்றிரண்டு கைக்கடிகாரங்கள் எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் காவல் காப்பேன். ஆசிரியர் நல்லவர்தான். என் மனம் நோகக் கூடாது என்று எனக்குக் 'கஜானா அதிகாரி' என்று பட்டம் சூட்டினார். வகுப்பே கைதட்டியது. நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். ஐந்து வருடம் சிரித்தேன். ஒரே ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகவில்லை. மறுநாள் பக்கத்துப் பையனிடம், "நேற்று செருப்பையெல்லாம் யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டேன். "யாரும் இல்லை, அப்படியே கிடந்தது" என்றான்.

இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் புலவர் ஒருநாள் வராவிட்டால் என்ன ஆகும்? நீங்களே புள்ளியை எழுதிக்கொள்வீர்கள். ஆட்டம் ஒரு நொடிகூட நிற்காது. ஆட்டம் நிற்காது என்றால் அவன் ஆட்டத்தில் இல்லை. புலவர் என்று சொன்னாலும் கஜானா அதிகாரி என்று சொன்னாலும் அது பட்டம்தான், பாத்திரமாகாது.

சென்ற மாதம் அம்மாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் போயிருந்தேன். நெசவுத் தெரு. இப்போது கார்களும் இருசக்கர வாகனங்களும் நிற்கின்றன. அந்தத் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது, விடிகிற நேரத்தில் பாவு நீட்டுவார்கள். நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளின் தொகுதிதான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் உலர்த்திச் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாது. நாலு வீட்டார் வருவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று நீளமான தூரிகையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்கள். கஞ்சி காய்ந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது, அதனால் நிற்காமல் போக வேண்டும். பெரியப்பாவின் தோள்கள் அதில் உரமேறியவை. அந்தத் தோள்களுக்கு அறுந்த இழை கண்ணில் படாது. பட்டாலும் அந்தப் பருத்த விரல்களால் அதை முடிய முடியாது. அதற்கு என்னைப் போன்ற பொடியன்கள் வேண்டும். பாவின் ஓரமாக நடந்து, அறுந்த இழையைக் கண்டால் "இழை!" என்று குரல் கொடுக்க வேண்டும். நான் குரல் கொடுத்தால் இரண்டு பெரிய ஆண்கள் தூரிகையோடு நின்றுவிடுவார்கள். தெருவே நிற்கும். நான் முடிச்சுப் போட்டு "ம்" என்று சொன்ன பிறகுதான் நகரும். ஒருநாள் நான் எழுந்திருக்கத் தாமதமானபோது, பெரியப்பா வாசலில் வந்து நின்று என் பெயர் சொல்லிக் கத்தினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதே உடம்பு, அதே இளைப்பு. திடலில் பயனற்றவனாக இருந்தவன் தெருவில் இல்லாமல் முடியாதவனாக இருந்தேன். இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். தெருவில் பலசாலிக்கு ஒரு முடியாமை இருந்தது. என் இடம் அந்த முடியாமைக்குள் இருந்தது.

நீங்கள் திடலுக்குக் கொண்டுவந்த விளையாட்டின் ரகசியமும் இதுதான். அதைத்தான் நீங்கள் கொண்டுவர மறந்துவிட்டீர்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலிருந்துதான் இந்த வகை பரவியது. அதன் முதல் வடிவத்தில் மூன்றே வகைப் பாத்திரங்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. வீரன் எந்த ஆயுதத்தையும் எடுக்கலாம், கவசம் அணியலாம். ஆனால் மந்திரம் வராது. மந்திரவாதிக்கு மந்திரம் வரும். கவசம் கிடையாது, குறுவாளைத் தவிர ஆயுதம் கிடையாது. பூசாரி காயத்தை ஆற்றுவார். அவர் கூரான ஆயுதம் எடுக்கக் கூடாது. படித்துப் பாருங்கள், ஆற்றல்களைக் காட்டிலும் தடைகள்தான் கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. வீரன் மந்திரவாதியைத் தேடிப் போவது நல்லொழுக்கத்தால் நடப்பதில்லை. அவனுக்கு வேறு வழியில்லை.

நீங்கள் உங்கள் வீரனுக்கு ஆற்றலைக் கொடுத்தீர்கள், குறையைக் கொடுக்கவில்லை. அவன் ஓடுகிறான், தூக்குகிறான், வரைபடத்தையும் தானே படிக்கிறான். பிறகு மருத்துவரும் ஒற்றனும் எதற்கு? நன்றாக ஓடுகிற ஆறு பிள்ளைகள் ஆடுகிறார்கள்; முப்பது பேர் பெயர் சூட்டப்பட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். கூடி விளையாடுங்கள் என்று ஆயிரம் முறை சொன்னாலும், கூடாமலே வெல்ல முடிகிற ஆட்டத்தில் பிள்ளைகள் ஏன் கூடுவார்கள்? இதில் பிள்ளைகள்மேல் தப்பில்லை. தப்பு விதியில், அந்த விதியை எழுதிய உங்கள்மேல்.

1971-இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை பிரித்துவைக்கப்பட்டிருந்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது சண்டை மூண்டது. எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் அறிவுரை சொல்லவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒரு பிள்ளையிடம் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். முழுப் பாடமும் வேண்டுமென்றால் பிடிக்காதவன் வாயிலிருந்தும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? கபடியை நீங்கள் தினமும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பழைய கபடியில் மூன்று வகை உண்டு. 'அமர்' வகையில் தொடப்பட்டவர் வெளியேறவே மாட்டார். 'காமினி' வகையில் வெளியேறினால் போனவர் போனவர்தான். அணி முழுவதும் விழும்வரை திரும்ப முடியாது. 'சஞ்சீவினி' வகையில், நம் அணி ஒருவரை வீழ்த்தினால் வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். இன்று போட்டிகளில் ஆடுவது இதை ஒட்டியதுதான். வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பவனின் கண்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆடுகிறவனைவிட அவன்தான் ஆட்டத்துக்குள் இருப்பான். பாடிப் போனவன் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடுக்கோட்டை மிதித்தால் இவன் துள்ளி எழுவான். அவனும் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன்தான். ஆனால் அவனை மீட்பதற்காக உள்ளே ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். உங்கள் புலவருக்காக யார் போயிருக்கிறார்கள்?

மாரியப்பனைச் சொல்லி ஊக்கப்படுத்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவடகம்பட்டியிலிருந்து போய் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். அவரை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். ஆனால் தயவுசெய்து அவரை இந்தப் பையனின் தலையில் ஏற்றாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்று வேண்டியது பதக்கமில்லை. ஐந்து பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும்.

விதிகளை மாற்றுங்கள். வீரன் பாரத்தைத் தூக்கலாம். தூக்கியிருக்கும்போது பிறர் சொல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது. கண்ணைக் கட்டலாம் என்று தோன்றும், உங்கள் சரிவில் வேண்டாம். ஒற்றன் எங்கும் போகலாம், எதையும் தொடக் கூடாது, பேசவும் கூடாது. பார்த்ததைக் கையசைவால் சொல்ல வேண்டும். மந்திரவாதியிடம்தான் வரைபடம், தன் வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. மருத்துவரால் மட்டுமே விழுந்தவரை எழுப்ப முடியும். ஆனால் மருத்துவர் தனியே போகக் கூடாது. இருவர் தோளில் கைபோட்டு, நடையாக அழைத்துச் செல்ல வேண்டும். முதல் வாரம் அந்தப் பையனை மருத்துவராக்குங்கள். ஆறு பேரும் அவன் மூச்சின் வேகத்துக்கு நடந்தாக வேண்டும். வேகமான பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். அடுத்த வாரம் பாத்திரங்களை மாற்றுங்கள். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிற பெண் வட்டத்துக்குள் நிற்கட்டும். அவன் வீரனாகிப் பாரம் தூக்கட்டும். பிறர் சொல்லச் சொல்ல அடிவைக்கிற வேலைக்கு இளைப்பு தடையில்லை. பனி இறங்கும் நாட்களில் மட்டும் கவனம். குளிர்காற்று அந்த மார்புக்கு ஆகாது. அவனுடைய இன்ஹேலர் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடுமையாகப் பேசிவிட்டேன். அவன்மேல் உங்களுக்கு அக்கறை இல்லாவிட்டால் அவனைப் பற்றி எழுதியே இருக்கமாட்டீர்கள். என் ஆசிரியருக்கும் அக்கறை இருந்தது. அந்த அக்கறையோடுதான் என்னை மரத்தடியில் விட்டுவைத்தார்.

புள்ளி நோட்டை நாளைக்கே அவனிடமிருந்து வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் ஆடிவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். எந்தக் குழு வென்றது என்பது வேண்டாம். ஒரு பீரியடில் அவனை எத்தனை முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.

அன்புடன்.