பழைய 6 அங்குல ஜாயிண்டர்: பிளேடை விடுங்கள், மேசையைப் பாருங்கள்

பழைய 6 அங்குல ஜாயிண்டர் (பலகையை நேராக இழைக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; "பிளேடு மாற்றினால் போதும்" என்று விற்பவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிளேடு சின்னச் செலவுதான். இழைத்துப் பார்க்க ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு பலகை கொண்டுபோங்கள். பின்மேசை (இழைத்த பலகை வெளியே வரும் பக்கத்து மேசை) பிளேடின் உச்சத்தோடு சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசியில் குழி விழும், அது வெறும் செட்டிங், சரிசெய்துகொள்ளலாம். பிறகு ஓரங்களை இழைத்து, ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் மேசைகளின் வெளிமுனைகள் தொங்கிவிட்டன. மேசை சறுக்கும் தடத்தில் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் தூக்கலாம், ஆனால் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, பிளேடுகள் பொருத்திய கட்டர் உருளையைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது, அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். மேல்துரு தேய்த்தால் போகும். இயந்திரத்தின் இரும்பு வார்ப்பில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தால் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.