ஒரே குளத்தில் ஒரு பருவம்: ஜப்பானின் வசந்தப் பறவைகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: டோக்கியோவின் நிஷிகசாயில் குடியிருக்கிறோம். வார இறுதியில் மட்டுமே ஓய்வு கிடைக்கிறது. வலசைப் பறவைகளைப் பார்க்க எந்த ஊருக்குச் செல்லலாம், எப்போது தொடங்கலாம்?
– வாசகி ஒருவர், நிஷிகசாய்

பதில்: எந்த ஊருக்கும் செல்ல வேண்டாம். நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் உங்கள் பகுதியிலிருந்து நேர் தெற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில், மிதிவண்டியிலேயே போய்விடக்கூடிய இடத்தில், கசாய் ரின்காய் பூங்கா இருக்கிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்குள்ள மீன் காட்சியகத்துக்கும் ராட்சத ராட்டினத்துக்கும் நீங்கள் போய் வந்திருக்கக்கூடும். அந்த ராட்டினத்துக்கு எதிர்ப்புறமாகக் கிழக்கே நடந்தால், நன்னீர்க் குளம் ஒன்றும் கடல்நீர் கலந்த குளம் ஒன்றும் கொண்ட பறவைப் பகுதியை அடையலாம். மறைந்திருந்து பார்ப்பதற்குத் துளையிட்ட மரத் தடுப்புகளை அங்கே அமைத்திருக்கிறார்கள். பூங்காவை ஒட்டிய கடற்பகுதி 2018இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே உள்ள இரண்டு செயற்கைக் கடற்கரைகளில் மேற்கில் இருப்பதற்குப் பாலம் வழியாக யாரும் போகலாம். கிழக்கில் இருப்பது பறவைகளுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால் மனிதர் கால் வைக்க அனுமதி இல்லை.

பிப்ரவரி பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுங்கள். நம் கணக்கில் அது பின்பனிக் காலம். ஜப்பானியரின் பழைய நாட்காட்டியோ பிப்ரவரி 4ஆம் தேதியை ஒட்டியே வசந்தம் பிறந்துவிட்டதாகச் சொல்கிறது. குளிருக்கு ஒதுங்கிய வாத்துகள் அப்போது இன்னும் கிளம்பியிருக்காது. ஆண் வாத்துகள் தம் முழு நிறத்தோடு, துணையைக் கவரத் தலையை ஆட்டியும் நீரைத் தெறிக்கவிட்டும் திரியும் நாட்கள் அவை. குளத்தில் கிளுவைகளையும் தட்டையான பெரிய அலகு கொண்ட ஆண்டி வாத்துகளையும், கடலில் ஆயிரக்கணக்கில் மிதக்கும் கொண்டை முக்குளிப்பான்களையும் காணலாம். இந்த முக்குளிப்பான்களை மட்டும் வாரம் தவறாமல் பார்த்து வாருங்கள். குளிர்காலத்தில் வெளுத்துக் கிடந்த அவற்றின் முகத்தில் மார்ச் மாதத்தின் ஒவ்வொரு வாரமும் செம்பழுப்பும் கருமையும் ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் பிடரி மயிர் சிலிர்த்த வேறொரு பறவைபோல ஆகிவிடும். மாத இறுதியை ஒட்டி, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் கொண்ட பட்டாணி உப்புக்கொத்தி வந்து சேரும். ஏப்ரல் பாதியில் வாத்துகள் பெரும்பாலும் கிளம்பிவிட, ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வடக்கே செல்லும் உள்ளான்களும் மூக்கன்களும் சேற்றுப் பரப்பில் இறங்கத் தொடங்கும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓடுபவர்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாளை மட்டுமே பார்க்கிறார்கள். ஒரே குளத்துக்கு எட்டு வாரம் போகிறவருக்கு வலசை என்பதே கண்ணெதிரில் நிகழும்.

கடற்கரை தெற்கு நோக்கி இருப்பதால் நண்பகலில் எல்லாப் பறவைகளும் கருநிழலாகவே படத்தில் விழும். காலை ஒன்பது மணிக்கு முன் அல்லது மாலையில் செல்லுங்கள். ஓத அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நீர் முழுதும் வற்றிய வேளையில் பறவைகள் வெகுதூரம் தள்ளிப் போய்விடும், நீர் ஏறும்போதுதான் அவை கரையை நோக்கி ஒதுங்கி வரும்.

கேள்வி: பிளம் மரத்தில் பூந்தேன் குடித்துக்கொண்டிருந்த ஒரு பச்சைப் பறவையைப் படமெடுத்து அலுவலகத்தில் காட்டினேன். ஜப்பானிய நண்பர்கள் இருவர் 'உகுயிசு' என்றனர். மூன்றாமவர் 'இல்லை, மெஜிரோ' என்றார். யார் சொன்னது சரி?
– வாசகர், கவாசாகி

பதில்: மூன்றாமவர். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்திருக்குமே? மெஜிரோ என்ற பெயருக்கே 'வெள்ளைக் கண்' என்றுதான் பொருள். நம் தோட்டங்களில் திரியும் வெள்ளைக்கண்ணிக்கு நெருங்கிய உறவினர் அது. நாக்கின் நுனி தூரிகைபோலப் பிரிந்திருப்பதால் பூந்தேனை எளிதாக உறிஞ்சிவிடும். பிப்ரவரியில் பிளம் மலரும்போதும், அதை ஒட்டி முன்கூட்டியே பூக்கும் கவாசு செர்ரி மலரும்போதும், மலர்தோறும் தாவிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுவே.

உகுயிசு வேறு. அது கதிர்க்குருவி வகையைச் சேர்ந்தது, மங்கிய பழுப்புப் பச்சை நிறம் கொண்டது, புதருக்குள் ஒளிந்தே வாழ்வது, பூச்சி தின்பது. பூத்த கிளையின் நுனியில் வந்து உட்கார்ந்து காட்சி தரும் இயல்பு அதற்கு இல்லை. ஆனால் 'பிளம் மரத்தில் உகுயிசு' என்பது ஜப்பானிய ஓவியத்திலும் கவிதையிலும் பல நூற்றாண்டுகளாக ஊறிப்போன இணை. ஹனாஃபுதா என்ற மலர்ச்சீட்டில் பிப்ரவரி மாதத்துக்கான படமே அதுதான். 'உகுயிசு மோச்சி' என்ற இனிப்பும் பச்சை நிறத்தில் இருக்கும். ஆகவே பச்சைப் பறவையைப் பிளம் மரத்தில் கண்டவுடன் நாவில் அந்தப் பெயர் வருவதில் வியப்பில்லை. உங்கள் நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். குயில் கூவுவதைக் கவிதையில் ஆயிரம் முறை படித்துவிட்டு, புள்ளி போட்ட பெண் குயிலைக் கண்டால் வேறு ஏதோ பறவை என்று நினைப்பவர்கள் நம்மிடையே இல்லையா?

உகுயிசுவைக் கேட்க வேண்டுமானால், மார்ச் மாதக் காலையில் மூங்கில் புதர் அடர்ந்த பூங்கா ஓரத்தில் நில்லுங்கள். 'ஹோ... ஹொகெக்யோ' என்ற பாட்டு நீண்ட ஒரு மூச்சில் தொடங்கிச் சட்டென்று சுழன்று முடியும். பருவத் தொடக்கத்தில் பாதியில் இடறி, ஒரு அசையை விழுங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த அரைகுறைப் பாட்டைக் கேட்பதற்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் முழுப் பாட்டைவிட அதையே விரும்புவேன்.

மெஜிரோவைப் படமெடுக்க ஒரு குறிப்பு: பறவையைத் துரத்தாமல், பின்னணியில் நிழலோ இருண்ட இலைகளோ இருக்கும் தாழ்ந்த கிளை ஒன்றைத் தேர்ந்து அங்கேயே காத்திருங்கள். அண்ணாந்து வானத்தை நோக்கி எடுத்தால் பறவை கருத்துவிடும். வெண்பிளம் மலர்கள் வெளுத்துப் போகாமலிருக்க ஒளியளவைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலரில் ஒரு நொடிகூட அது தங்காது என்பதால் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையக் கூடாது.

கேள்வி: என்னிடம் 70–300 மி.மீ. லென்ஸ் மட்டுமே உள்ளது. பூங்காவில் எல்லோரும் பீரங்கி போன்ற லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இது போதுமா?
– வாசகர், யோகோஹாமா

பதில்: சேற்றுப் பரப்பில் நிற்கும் உள்ளானுக்குப் போதாது, அதற்கு 500, 600 மி.மீ.கூடச் சில நேரம் போதாது, கானல் அலை வேறு படத்தைக் குலைத்துவிடும். ஆனால் பூந்தேன் குடிக்கும் பறவைகளுக்கும் நகரக் குளத்து வாத்துகளுக்கும் 300 மி.மீ. தாராளம். உவேனோ பூங்காவின் ஷினோபாசு குளத்தில் ஊசிவால் வாத்துகள் நடைபாதைக்கு மிக அருகிலேயே நீந்தும். அங்கே ஒரு பருவம் பழகுங்கள். செர்ரி மலர்ந்த பிறகு மரத்தடியில் முழு மலர்கள் காம்போடு உதிர்ந்து கிடந்தால் மேலே பாருங்கள்: அலகு குட்டையான சிட்டுக்குருவிகள் மலரின் அடியைக் கடித்துத் தேனை எடுத்துவிட்டு மலரைக் கீழே போட்டுக்கொண்டிருக்கும். அதைப் படமெடுக்கப் பீரங்கி தேவையில்லை.

கேள்வி: எங்கள் ரயில் நிலையக் கூரையடியில் தகைவிலான்கள் கூடு கட்டுகின்றன. தமிழ்நாட்டில் மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் அதே பறவைகள்தாமா இவை?
– வாசகி, ஒசாகா

பதில்: இனம் ஒன்றே; பறவைகள் வேறு என்றே கொள்ளலாம். தமிழ்நாட்டில் குளிர்காலத்தைக் கழிப்பவை இமயத்திலும் அதற்கு வடக்கே உள்ள நிலங்களிலும் கூடு கட்டுபவை. ஜப்பானில் கூடு கட்டுபவையோ பிலிப்பைன்ஸ், மலேசியா முதலிய தென்கிழக்கு ஆசிய நாடுகளில் குளிரைக் கழிப்பவை என்பது, காலில் வளையம் இட்டுப் பறக்கவிட்ட பறவைகளை அந்நாடுகளில் மீண்டும் கண்டதால் தெரிய வந்தது. ஜப்பானில் இவ்வாறு வளையமிடும் பணி 1924இல் தொடங்கியது. சிபா மாநிலத்தின் அபிகோ நகரில் உள்ள யமஷினா பறவையியல் நிறுவனம் இன்று அதை நடத்துகிறது.

தகைவிலான் ஒரே நாளில் நாடெங்கும் வந்துவிடுவதில்லை. கியூஷுவின் தெற்கில் மார்ச் தொடக்கத்தை ஒட்டியும், ஒசாகா, டோக்கியோ பகுதிகளில் மார்ச் பின்பாதியிலிருந்தும், ஹொக்கைடோவில் ஏப்ரல் முடியும் வேளையிலும் தோன்றும். ஆண்டை 72 சிறு பருவங்களாகப் பிரிக்கும் பழைய நாட்காட்டியில் ஏப்ரல் 5ஐ ஒட்டிய ஐந்து நாட்களுக்குத் 'தகைவிலான் வருகிறது' என்றே பெயர். அடுத்த ஐந்து நாட்களுக்குக் 'காட்டு வாத்து வடக்கே போகிறது' என்று பெயர்.

கூடு கட்டிய வீட்டில் செல்வம் தங்கும் என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. ஆகவே கடைக்காரர்கள் கூட்டைக் கலைக்காமல், எச்சம் வாடிக்கையாளர் தலையில் விழாதிருக்கக் கூட்டுக்குக் கீழே பலகையோ தலைகீழாக விரித்த குடையோ கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தக் குடையையும் சேர்த்துப் படமெடுங்கள். ஆனால் தூரத்திலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், ஓரிரு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியின்றி அகற்றுவது ஜப்பானியச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் முக்காலிகளோடு ஒரே கிளையை நோக்கி நிற்கிறார்கள். நானும் சேர்ந்துகொள்ளலாமா? ஒருவர் கிளையில் புழு வைத்து நீலப் பறவை ஒன்றை வரவழைத்தார். அது முறையா?
– வாசகர், சைதாமா

பதில்: தாராளமாகச் சேரலாம். பின்னாலிருந்து மெதுவாக வந்து, காலை வணக்கம் சொல்லி, 'நானி கா இமாசு கா' – 'என்ன இருக்கிறது' – என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். அநேகமாக ஒரு முதியவர் தம் கேமராத் திரையில் படத்தையே காட்டி விளக்குவார். நடைபாதையை மறைத்து முக்காலியை விரிக்காதீர்கள். சில பூங்காக்களில் முக்காலிக்கே தடை உண்டு. வீட்டு ஜன்னல்கள், பிறர் குழந்தைகள் இருக்கும் திசையில் நீண்ட லென்ஸைத் திருப்புவதை அங்கே மிகவும் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

புழு வைப்பது முறையன்று. கூட்டத்தில் பாதிப் பேர் அதை விரும்பாமலும் வாய் திறக்காமலும் நிற்பார்கள். பருவம் திரும்பும் வாரங்களில் பறவை தானாக இரை தேடித் தன் பயணத்துக்கு உடலைத் தயார்செய்ய வேண்டும். மனிதன் வைத்த இரைக்குப் பழகிய பறவை திறந்த கிளைக்கு மீண்டும் மீண்டும் வந்து, பூனைக்கும் காகத்துக்கும் எளிதில் அகப்படும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவதும் அவ்வாறே: இல்லாத எதிரியைத் தேடி ஆண் பறவை தன் ஆற்றலை வீணாக்கும். 1934இல் நிறுவப்பட்ட ஜப்பான் காட்டுப்பறவைச் சங்கம், கூட்டில் உள்ள பறவைகளைப் படமெடுக்க வேண்டாம் என்று வலியுறுத்தி வருகிறது. அழகான படம் கிடைக்கிறதே என்று நீங்கள் அந்தக் கிளையை நோக்கி நிற்கலாம். நானாக இருந்தால் அடுத்த குளத்துக்குப் போய்விடுவேன்.

கேள்வி: மார்ச் கடைசியில் பத்து நாள் ஜப்பான் செல்கிறேன். இசுமியின் கொக்குகளைக் காண முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காலம் கடந்துவிடும். ககோஷிமா மாநிலத்தின் இசுமி வயல்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெருங்கொக்குகள் குளிர்காலத்தில் தங்கும். பிப்ரவரி தொடங்கியதும் தெளிந்த காலைகளில் வட்டமிட்டு உயர்ந்து கொரியாவை நோக்கிக் கிளம்பிவிடும். மார்ச் இறுதியில் மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. பயணத்தை மூன்று வாரம் தள்ளிப்போட முடியுமானால் ஹொக்கைடோவின் பிபாய் நகருக்கு அருகே மியாஜிமாநுமா என்ற சிறு ஏரிக்குச் செல்லுங்கள். 2002இல் ராம்சார் இடமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரியில், ஏப்ரல் பின்பாதியில், நெற்றியில் வெள்ளைப் பட்டை கொண்ட காட்டு வாத்துகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூடி, சைபீரியாவை நோக்கிய அடுத்த பறப்புக்காக வயல்களில் சிந்திய நெல்லைத் தின்று கொழுக்கும். விடியலுக்கு முன்பே கரைக்குப் போய்விடுங்கள். அவை ஒரே சமயத்தில் எழும் ஓசையை எந்தப் படமும் தராது. தேதியை மாற்ற இயலாதென்றால் மேலே சொன்ன டோக்கியோ பூங்காக்களே போதும்.

கேள்வி: முதன்முதலாகக் கண்ட நாளைக் குறித்து வைக்கிறேன். வேறு எதைக் குறிக்க வேண்டும்?
– வாசகி, நாகோயா

பதில்: கடைசியாகக் கண்ட நாளை. ஜப்பான் வானிலை முகமை 1953 முதல் நாடெங்கும் தகைவிலானை முதலில் கண்ட நாள், உகுயிசு முதலில் பாடிய நாள் போன்றவற்றைப் பதிவுசெய்து வந்தது; 2021இல் விலங்குகள், பறவைகள் தொடர்பான அப்பதிவுகளை நிறுத்திவிட்டது. ஆகவே உங்களைப் போன்றவர்களின் நோட்டுப் புத்தகங்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. வருகையை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணில் படுகிறது. புறப்பாடு அப்படியன்று. ஆரஞ்சு வயிறும் சிறகில் வெள்ளைப் பொட்டும் கொண்ட ஜோபிதாகி குளிர்காலம் முழுவதும் உங்கள் வீட்டு வேலியில் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். மார்ச் மாதத்தின் ஏதோ ஒரு காலையில் இருக்காது. முந்தைய நாள்தான் கடைசி என்று முந்தைய நாள் யாருக்கும் தெரியாது. எனவே புதிதாக எதையும் காணாத நாட்களிலும் 'ஜோபிதாகி இன்றும் இருந்தது' என்று ஒரு வரி தேதியோடு எழுதி வாருங்கள்.