ஓவர்கிளாக் செய்த பிறகு திரை வரவில்லையா?

கணினியின் பாகங்களைக் கம்பனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அதுபற்றி, திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 ப்ராசஸர். வீடியோ ஒன்றைப் பார்த்து பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் செற்றிங் பகுதி) 4.4 கிகாஹெர்ட்ஸ், 1.4 வோல்ட் என்று போட்டேன். ரேமையும் 3200 இலிருந்து 3600 ஆக்கினேன். சேவ் பண்ணியதும் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மொனிற்றரில் ஒன்றும் வரவில்லை. தானாக நின்று திரும்ப எழும்புகிறது. ப்ராசஸர் எரிந்துவிட்டதா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை."

தம்பி, எரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நின்று நின்று எழும்புகிறது என்கிறீர்களே, அது நல்ல அறிகுறி. நீங்கள் கொடுத்த வேகத்தில் எழும்ப மதர்போர்ட் முயல்கிறது, முடியாமல் மறுபடி தொடங்குகிறது. பல போர்டுகள் சில தடவை தோற்றபின் தாமாகவே பழைய செற்றிங்குக்குத் திரும்பிவிடும். ஆகவே முதலில் ஐந்து நிமிடம் கை வைக்காமல் விட்டுப் பாருங்கள்.

திரும்பவில்லையென்றால், நீங்கள் போட்ட எண்களை வைத்திருக்கும் பயோஸ் நினைவை அழிக்க வேண்டும். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, கேசிங்கின் பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கும்போது ஃபேன் ஒருமுறை துடிக்கலாம், பயப்பட வேண்டாம். கேசிங்கின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பிறகே உள்ளே கை வையுங்கள். மதர்போர்ட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில், அந்த நினைவைக் காக்கும் வட்டப் பற்றரி ஒன்று இருக்கும், மேலே சிஆர்2032 என்று எழுதியிருக்கும். அநேகமாக கிராபிக்ஸ் கார்ட்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். ஓரத்துக் கொளுக்கியை நகத்தால் தள்ளினால் துள்ளி மேலே வரும். பத்து நிமிடம் வெளியே வைத்திருந்து மறுபடி போடுங்கள்.

அந்தப் பற்றரியைக் கையில் எடுத்த நேரத்தில் அது இருந்த குழியையும் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் போர்டுகளில், அந்தச் சின்னத் தகட்டில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். காய்ந்த பழைய பல்துலக்கியால் மெதுவாகத் துடைத்தால் போதும். மல்ரிமீற்றர் இருந்தால் பற்றரியை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8 க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள்.

இன்னும் திரை வரவில்லையா? ஒரு ரேமை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் இடத்தில் போட்டுப் பாருங்கள். ரைசன் 5 3600 ப்ராசஸரில் உள் கிராபிக்ஸ் (திரைக்குப் படம் தரும் பகுதி) கிடையாது. அதனால் கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றிவிட்டு மதர்போர்ட்டின் எச்டிஎம்ஐயில் வயரைக் குத்தினால் எப்போதுமே ஒன்றும் வராது. இதைத் தெரியாமல் நல்ல போர்ட்டைப் பழுதென்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரை வந்ததும் திகதியும் நேரமும் பிழையாக இருக்கும். சரிசெய்யாவிட்டால் இணையத்தளங்கள் பல திறக்க மறுக்கும். விண்டோஸ் டிஸ்க்கைக் காணவில்லை என்று வந்தால் தயவுசெய்து ஃபோர்மற் அடிக்காதீர்கள்! பயோஸ் ஆரம்ப நிலைக்குப் போனதில் சிஎஸ்எம் (பழைய முறையில் எழும்ப விடும் செற்றிங்) அல்லது டிஸ்க் முறை மாறியிருக்கும், அவ்வளவுதான். முன்பு இருந்தபடி வைத்தால் உங்கள் படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும்.

இனி, ஏன் இப்படி ஆனது? ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியதால் எது காரணம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. என் அனுபவத்தில், திரையே வராமல் நின்றால் பெரும்பாலும் ரேம்தான். விண்டோஸ் வரை வந்து நீலத்திரை விழுந்தால் பெரும்பாலும் ப்ராசஸர். இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் ரேம் வேகமே 3200 தான். அதற்கு மேல் போவது ஒவ்வொரு சிப்பின் கையில்.

ப்ராசஸர் பக்கமும் 4.4 அதிகம். கம்பனிக் கணக்கிலேயே இதன் உச்சம் 4.2, அதுவும் ஒரு கோர், அதாவது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி, மட்டும் சற்று நேரம் உழைக்கும்போது. ஆறு கோரையும் எந்நேரமும் 4.4 இல், நிலையான 1.4 வோல்ட்டில் ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வீடியோக்காரர் ஏசி அறையில் 20 பாகையில் ஓட்டியிருக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் அறை 33 பாகை. காற்றால் ஆறும் கூலர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது, ஆகவே அந்த 13 பாகையும் ஏறக்குறைய அப்படியே ப்ராசஸரில் ஏறும். அதன் எல்லையோ 95.

மறுபடி முயல விரும்பினால் ரேமை 3200 இல் விட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட வராவிட்டால் மட்டும் ப்ராசஸரைத் தொடுங்கள், ஒரு தடவைக்கு 0.05 கிகாஹெர்ட்ஸ் வீதம். சோதனையைக் குளிர்ந்த இரவில் அல்ல, பகல் இரண்டு மணிக்கு வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அசையாவிட்டால் கூலரைக் கழற்றி இழுத்துப் பார்க்காதீர்கள். இடையில் பூசிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, ப்ராசஸரும் சொக்கற்றிலிருந்து பிய்ந்து வரலாம், கால்கள் வளையலாம். கணினியை அப்படியே, கூலரோடு, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். என்ன எண்களைப் போட்டீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டிலும்தான்.