முதல் நாவலைச் சொந்தமாகக் கொண்டுவருவது: கடலூர், புதுவை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

புதுச்சேரியில் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது) பார்ப்பவள் நான். பதிப்பகம் தேடாமல் தாங்களே நாவல் வெளியிட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கவிதைத் தொகுப்பு பற்றி வந்தவற்றை எடுக்கவில்லை. அதன் கணக்கு வேறு.

முதலியார்பேட்டை: அக்கா, 500 பிரதி போட்டால் அடக்க விலை பாதியாகும் என்கிறார் அச்சகக்காரர். போடலாமா?

வேண்டாம் தம்பி. அவர் சொல்வது பொய்யில்லை. ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து ஓட்டும் அச்சில், அந்த பிளேட் செலவு நூறு ஓட்டினாலும் ஆயிரம் ஓட்டினாலும் ஒன்றுதான். அதனால் அதிகம் ஓட்டினால் ஒரு பிரதியின் அடக்கம் இறங்கும். ஆனால் விற்காத பிரதிக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருப்பீர்கள். இது கடற்கரை ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டிலுக்கடியில் இருக்கும் புத்தகக் கட்டு ஈரம் குடித்து அட்டை சுருண்டுவிடும். முதல் நாவலுக்கு, பிளேட் இல்லாமல் கணினிக் கோப்பிலிருந்து நேரே ஓட்டும் டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதி போதும். தீர்ந்தால் அதே கோப்பை அனுப்பி அடுத்த ஐம்பது வாங்கிக்கொள்ளலாம். அடக்கம் கூடத்தான் செய்யும். மிச்சமாகும் முன்பணத்தை மெய்ப்புக்குச் செலவிடுங்கள்.

பின்னால் ஆஃப்செட்டுக்குப் போகும்போது டெம்மி என்ற புத்தக அளவில் ஒரு பாரத்துக்கு, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் தொகுதிக்கு, 16 பக்கம் என்று கணக்கு வரும். 193 பக்கத்தில் கதை முடிந்தால் அந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஏறும். வடிவமைப்பில் இழுத்துப் பிடித்து 192க்குள் கொண்டுவாருங்கள்.

நெய்வேலி: பிரதிலிபி செயலியில் தொடராக எழுதிய நாவலை அப்படியே கிண்டிலில் போடலாமா மேடம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். கிண்டில் மின்னூலை நாமே வெளியிட உதவும் அமேசானின் தளமான கேடிபி 2016 கடைசியிலிருந்து தமிழை ஏற்கிறது. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால், அவர்கள் சொல்லும் விலை வரம்புக்குள் விலை வைப்பதோடு மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் திட்டமான கேடிபி செலக்டிலும் சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படிக்கும் பக்கத்துக்குக் காசு வருவதும் செலக்டில் இருந்தால்தான்.

செலக்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த நாவலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில், உங்கள் வலைப்பூவில், வாட்ஸாப்பில் சுற்றும் பிடிஎஃப்பில், எங்கும். பத்து சதவீதம் வரை மாதிரிக்கு வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் அந்தக் குறியை நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும். ஆகவே தொடரை முதலில் இறக்குங்கள், பிறகு ஏற்றுங்கள்.

மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச மின்னூலாக ஏற்கெனவே கொடுத்திருந்தால் செலக்ட் பக்கம் போகவே போகாதீர்கள். அந்த உரிமத்தில் பெற்றவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியாது.

பண்ருட்டி: ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு விற்பதானால் தனியாக ஒன்று. கிண்டிலுக்குக் கட்டாயமில்லை.

வில்லியனூர்: ஒரு பதிப்பகம் நாற்பதாயிரம் கொடுத்தால் புத்தகம் போட்டுத் தருகிறேன் என்கிறது. ஒப்பந்தமும் அனுப்பியிருக்கிறார்கள் சகோதரி.

பணம் வாங்கிப் போடுவது குற்றமில்லை. அச்சு, வடிவமைப்பு, அட்டை, பிரதி எண்ணிக்கை என்று எதற்கு எவ்வளவு எனப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விலகுங்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்று ஒரு வரி இருக்கிறது. காசும் உங்களுடையது, உரிமையும் அவர்களுக்கா? கையெழுத்துப் போடாதீர்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாட்டுக்கு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். 'நிரந்தரமாக' என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா மூன்றையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் 60 வருடம் உங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்து அது.

திருப்பாதிரிப்புலியூர்: நெய்வேலி புத்தகக் கண்காட்சியை நம்பி 500 அடிக்கலாமா?

முதலியார்பேட்டைத் தம்பிக்குச் சொன்னதுதான். ஐம்பது.

தேவனாம்பட்டினம்: எங்கள் குப்பத்துப் பேச்சிலேயே நாவல் எழுதியிருக்கிறேன் அக்கா. மெய்ப்பு பார்த்தவர் 'வந்துகினு', 'சொல்லிக்கினு' எல்லாவற்றையும் 'வந்துகொண்டு', 'சொல்லிக்கொண்டு' என்று மாற்றிவிட்டார். எடிட்டரே வேண்டாம் என்று தோன்றுகிறது.

அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் பழைய பிரதியை எடுங்கள். உரையாடலில் கைவைக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் எடிட்டர் வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்தில் ஒரே கிழவி ஒரு பக்கத்தில் 'வந்துகினு' என்கிறாள், அடுத்த பக்கத்தில் 'வந்துகிட்டு' என்கிறாள். இரண்டும் நம் பக்கம் புழங்குவதுதான். எந்தக் கிழவி எதைச் சொல்வாள் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும், அதைக் காப்பது எடிட்டர் வேலை.

வில்லியனூர் (மறுபடி): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பள்ளி ஆசிரியன். இப்படி எழுதினால் நாகர்கோவில்காரருக்கு எப்படிப் புரியும்?

புரியும் ஐயா. அவர் ஊர்ப் பேச்சில் வரும் கதையை நாம் படிக்கவில்லையா? இரண்டு அத்தியாயம் தாண்டினால் காது பழகிவிடும். வலை, படகு, மீன் பெயர்களுக்கு அடிக்குறிப்பும் தேவையில்லை. அந்தப் பொருள் கதையில் என்ன வேலை செய்கிறது என்று காட்டினால் போதும்.

தேவனாம்பட்டினம்: கதை சொல்பவனும் குப்பத்துப் பையன்தான். அப்போது நடையும் பேச்சாகத்தானே இருக்கணும்?

இருக்கலாம், கடினமான வழி அது. முந்நூறு பக்கமும் ஒரே குரல் தளராமல் நிற்க வேண்டும். உங்கள் பிரதியில் புயல் வரும் இடத்தில் பையன் திடீரென்று செய்தித்தாள் தமிழில் பேசுகிறான்: 'கரையைக் கடந்த தானே புயல் பலத்த சேதத்தை ஏற்படுத்தியது.' 2011 டிசம்பர் 30 விடியலில் ஓடு பறப்பதைப் பார்த்த பையன் அப்படிச் சொல்ல மாட்டான். அந்த நாலு பக்கத்தை அவன் வாயாலேயே திரும்ப எழுதுங்கள்.

வில்லியனூர்: ஒற்றுப் பிழைக்கும் இதே சலுகையா?

இல்லை. ர, ற குழப்பமும் விட்டுப்போன ஒற்றும் வட்டார வழக்கு ஆகாது. அதில் நான் உங்கள் கட்சி. மெய்ப்புக்குக் கொடுக்கும்போதே 'இவற்றைத் தொடாதீர்கள்' என்று ஒரு பக்கச் சொற்பட்டியல் இணைத்துவிட்டால் இந்தச் சண்டையே வராது.

லாஸ்பேட்டை: அச்சில் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கிறது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், சரியாகும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை வரி வரியாகப் படியுங்கள். துணைக்கால் 'ர'வாகியிருக்கும், 'ஔ' 'ஒள'வாகியிருக்கும். வரி ஒடியும்போது அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது.

அரியாங்குப்பம்: அட்டைக்கு ஏஐ படம் போடலாமா?

ஓவியர்களைக் கேளுங்கள். என் துறை இல்லை.

சிதம்பரம்: ஐநூறு பிரதியாவது இருந்தால்தானே மரியாதை?

மரியாதை உள்ளே அச்சாகியிருக்கும் கதைக்கு. பிரதி எண்ணிக்கை பற்றி இனி வரும் கேள்விகளை எடுக்கமாட்டேன்.

மஞ்சக்குப்பம்: புத்தகம் வந்துவிட்டது அக்கா. அடுத்து ஏதாவது கடமை இருக்கிறதா?

இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சு நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடும்போது பதிப்பாளர் நீங்கள்தான். ஐம்பதில் நாலை முதலிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள், தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.